கீபோர்டில் ஒவ்வொரு நோட்டும் இரண்டாக ஒலித்தது: என் அனுபவம்

வீட்டுக் கீபோர்டை யூஎஸ்பி வழியாகக் கணினியில் ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளுடன் இணைத்து, அதன் சொந்த பியானோ ஒலியே கேட்கட்டும் என்று ட்ராக்கின் மிடி (எந்தக் கட்டையை அழுத்தினோம் என்று சொல்லும் சிக்னல்) அவுட்புட்டை அதற்கே திருப்பியிருந்தேன். தகரக் குழாய்க்குள் வாசிப்பது போலக் கேட்டது. பெடலை மிதித்தபடி வாசித்தால் பேஸ் ஸ்வரங்கள் பாதியிலேயே அறுந்தன. டிரைவரை மாற்றியும் பயனில்லை.

அந்த அறுபடல்தான் துப்பு கொடுத்தது. கட்டையை அழுத்தியதும் கீபோர்டு தானாக ஒருமுறை ஒலிக்கிறது. கணினிக்குப் போய்த் திரும்பும் அதே நோட், சில மில்லிசெகண்ட் கழித்து இன்னொரு முறை ஒலிக்க வைக்கிறது. 64 பாலிஃபனி (ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஸ்வரங்களின் எண்ணிக்கை) 32 ஆகிவிடுகிறது, அதனால்தான் ஸ்வரங்கள் அறுந்தன!

கட்டைகளைக் கீபோர்டின் சொந்த ஒலியோடு நேரடியாக இணைக்கும் லோக்கல் கண்ட்ரோலை மெனுவில் ஆஃப் செய்தேன், தீர்ந்தது. மெனுவில் அது இல்லையென்றால் மிடி சிசி 122 என்ற கட்டளையை 0 மதிப்புடன் அனுப்பிப் பாருங்கள், பல கீபோர்டுகள் ஏற்கும். 127 அனுப்பினால் மறுபடி ஆன். ஆஃப் செய்தபின் ரீப்பரைத் திறக்காமல் வாசித்தால் சத்தமே வராது. கீபோர்டு கெட்டுவிட்டதென்று பதறாதீர்கள்.