இரண்டாவது ஓட்டத்தில் மட்டும் சரியாகும் சர்வர்: பப்பெட்டில் நான் கண்ட காரணம்

புது சர்வரில் பப்பெட்டை (சர்வர்களைத் தானாக அமைத்துத் தரும் கருவி) முதல் முறை ஓட்டும்போது டேட்டாபேஸ் கிடைக்கவில்லை என்று எங்கள் ஆப் சர்வீஸ் விழுந்துவிடும், எதையும் தொடாமல் மறுபடி ஓட்டினால் சரியாகிவிடும். இப்படி நடந்தால் முதலில் வேலைகள் நடக்கும் வரிசையைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இத்தனைக்கும் டேட்டாபேஸ் கிளாஸ் (அமைப்பு வேலைகளை ஒன்றாக எழுதி வைத்த தொகுப்பு) முடிந்த பிறகுதான் ஆப் கிளாஸ் என்று வரிசை சொல்லும் அம்புக்குறி தெளிவாகவே இருந்தது. கிராஃப் ஆப்ஷனோடு ஓட்டி, கிடைத்த டாட் ஃபைலை (வரிசையை விவரிக்கும் ஃபைல்) கிராஃப்விஸ் என்ற கருவியில் படமாக்கிப் பார்த்ததும் விஷயம் பிடிபட்டது: டேட்டாபேஸ் கிளாஸுக்குள் போஸ்ட்கிரெஸ் (டேட்டாபேஸ் மென்பொருள்) கிளாஸ் இன்க்ளூட் ஆகியிருந்தது. இன்க்ளூட் ஒரு கிளாஸைக் கேட்டலாகில் (சர்வரில் செய்ய வேண்டியவற்றின் பட்டியல்) சேர்க்கும், அவ்வளவுதான், வெளி கிளாஸோடு சேர்த்துக் கட்டாது. அதனால் அம்புக்குறி போஸ்ட்கிரெஸைத் தொடவே இல்லை, அது ஆப்புக்குப் பின்னால் போய் நின்றது. பப்பெட் 4 முதல் எழுதிய வரிசையே இயல்பு வரிசை என்றாலும், எங்கள் ஃபைலில் ஆப் மேலேயும் டேட்டாபேஸ் கீழேயும் இருந்ததால் அதுவும் கைகொடுக்கவில்லை.

இன்க்ளூட்டை, உள் கிளாஸை வெளி கிளாஸோடு சேர்த்துக் கட்டும் கன்டெய்ன் என்று மாற்றினேன், புது மெஷினில் முதல் ஓட்டத்திலேயே ஆப் எழுந்தது. (பப்பெட் 3.4-க்கு முன்னால் இதற்கு முன்னும் பின்னும் ஆங்கர் என்ற வெற்று அடையாளங்களை வைத்துக் கட்ட வேண்டியிருந்தது, பழைய மாட்யூல்களில் இன்னும் பார்க்கலாம்.)

ஆனால் கண்ட இடத்திலெல்லாம் கன்டெய்ன் போடாதீர்கள். ஒரே கிளாஸை இரண்டு கிளாஸ்கள் கன்டெய்ன் செய்து, அந்த இரண்டுக்கும் நடுவே அம்புக்குறியும் இருந்தால், டிபென்டென்சி சைக்கிள் (ஒன்றுக்கொன்று காத்து நிற்கும் சுழல்) என்று பப்பெட் மொத்தமாக நின்றுவிடும். யம் ரெப்போ (பேக்கேஜ்கள் இறங்கும் இடம்) மாதிரி பலரும் பகிரும் கிளாஸுக்கு இன்க்ளூட்டே போதும், அப்புறம் தேவைப்படும் பேக்கேஜில் நேரடியாக ஒரு ரெக்வயர் (இது முடிந்த பிறகே என்று சொல்லும் வரி) எழுதிவிடுங்கள்.