கார்த்திகை தீபத்துக்கு வாசல் அலங்காரம்: அறுகோணக் கோலம், பூச்சரம், அகல் வரிசை

கார்த்திகை தீபத்துக்கு வாசலை அலங்கரிக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள். இதை எல்லோரும் பார்க்கப்போவது இருட்டிய பிறகுதான். பொங்கல் கோலம் மாதிரி காலை வெயிலில் இல்லை. அதனால் பகலில் கண்ணைப் பறிக்கிற பூவெல்லாம் அகல் வெளிச்சத்தில் எடுபடாது. கோழிக்கொண்டையும் அடர்சிவப்பு ரோஜாவும் இருட்டில் கறுத்துத் தெரியும். வெள்ளைச் சம்பங்கி, மஞ்சள் சாமந்தி, ஆரஞ்சு செண்டுமல்லி மூன்றும் சின்னச் சுடரிலேயே துலங்கும். முதல்முறை செய்கிறவர்களுக்கு இந்த மூன்றே தாராளம்.

<b>பூவும் அகலும் வாங்க</b>

வேலூரில் இருக்கிறவர்களுக்கு நேதாஜி மார்க்கெட் இருக்கிறது. தீபத்துக்கு முந்தின நாளே போய்விடுங்கள், விசேஷத்தன்று காலையில் விலை ஏறிவிடும். முழக்கணக்கில் சரமாக வாங்காமல் உதிரியாக எடைபோட்டு வாங்குங்கள். கால் கிலோ சாமந்தி, அரை கிலோ செண்டுமல்லி, 200 கிராம் சம்பங்கி, கொஞ்சம் வாழை நார். மல்லிகை வேண்டாம். பனிக்காலத்தில் வரத்து குறைந்து விலை எகிறிக் கிடக்கும். வீட்டுக்கு வந்ததும் பிளாஸ்டிக் பையிலிருந்து பூவை எடுத்து, ஈரத்துணிமேல் நிழலில் பரப்புங்கள். பையிலேயே விட்டால் ராத்திரிக்குள் புழுங்கிப்போகும்.

புது அகலை இரண்டு நாள் முன்னாடியே தண்ணீரில் ஊறப்போடுங்கள். ஊறாத மண் எண்ணெயை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கார்த்திகை மழையில் வெயிலை நம்ப முடியாது, நன்றாகக் காய ஒரு நாள் விடத்தான் வேண்டும்.

<b>கோலம்</b>

பச்சரிசி ஒரு கைப்பிடி எடுத்து, 2 மணி நேரம் ஊறவைத்து, மழமழவென்று அரைத்து, தோசை மாவைவிட நீர்க்கக் கரையுங்கள். சின்னத் துணியை அதில் நனைத்து உள்ளங்கையில் வைத்து லேசாக அழுத்தினால், மோதிர விரல் வழியாக மாவு இறங்கும். விரல் போகிற பக்கம் கோடு விழும்.

நடுவில் ஒரே வரிசையாக 7 புள்ளி வையுங்கள். புள்ளிக்குப் புள்ளி அரைச் சாண் இடைவெளி. அதற்கு மேலே, இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வருகிற மாதிரி 6, அதற்கு மேல் 5, அப்புறம் 4. கீழ்ப்பக்கமும் அப்படியே. மொத்தம் 37 புள்ளி, இரண்டடிக்குக் கொஞ்சம் மேல் அகலம், ஆறு மூலை. ஒன்றுவிட்டு ஒரு மூலையைச் சேர்த்தால் ஒரு முக்கோணம். மிச்ச மூன்று மூலையைச் சேர்த்தால் தலைகீழாக இன்னொன்று. இரண்டும் சேர்ந்தால் அறுகோணம். முருகனுக்கு உரிய வடிவம் இது. அவனை வளர்த்த கார்த்திகைப் பெண்களும் ஆறு பேர். ஆறு மூலைக்கும் ஆறு அகல் என்று வைக்கும்போது இந்த நாளுக்கு இதைவிடப் பொருத்தமான கோலம் எனக்குத் தெரியவில்லை. ஓரத்தில் காவி கட்டுங்கள், வெள்ளை எடுப்பாகத் தெரியும். தூறல் போட்டால் தெருவை விட்டுவிட்டுத் திண்ணையிலோ வராந்தாவிலோ போடலாம்.

<b>பூத் தொடுக்க</b>

பழகாதவர்கள் பயப்படுவது இந்த இடத்தில்தான். பொறுமையாகச் செய்தால் சீக்கிரமே கைக்கு வந்துவிடும்.

வாழை நாரைத் தண்ணீரில் நனைத்து மெல்லியதாகக் கிழித்துக்கொள்ளுங்கள். காய்ந்த நார் இழுத்ததும் அறுந்துவிடும். சாமந்தியில் விரல் அகலம் காம்பு விட்டுக் கிள்ளுங்கள். நாரின் நுனியை இடது கைக்குள் மடக்கிப் பிடித்து, பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே இரண்டு பூவை வையுங்கள். ஒன்றின் தலை இடப்பக்கம், இன்னொன்றின் தலை வலப்பக்கம், காம்புகள் ஒன்றன்மேல் ஒன்று. வலது கையால் நாரைக் காம்புகளைச் சுற்றி ஒரு சுற்று சுற்றுங்கள். அடுத்து நாரை விரலில் வளையமாக முறுக்கி, ஒரு பக்கத்துப் பூவின் தலை வழியாக மாட்டி, காம்புவரை இறக்கி இழுங்கள். முடிச்சு விழுந்துவிடும். அதை ஒட்டியே அடுத்த ஜோடி. ரொம்ப இறுக்கினால் காம்பு துண்டாகும், தளர விட்டால் பூ நழுவும். செண்டுமல்லிக்கு இந்தப் பாடே வேண்டாம், ஊசி நூலில் கோத்துவிடலாம்.

சாமந்திச் சரத்தைக் குத்துவிளக்கின் தண்டில், எண்ணெய்க் கிண்ணத்துக்குக் கீழே மட்டும் சுற்றுங்கள். கிண்ணத்துக்கு மேலே பூ ஏறவே கூடாது. செண்டுமல்லிச் சரம் மாவிலையோடு நிலைப்படிக்கு. சம்பங்கியை உதிரியாகவே கோலத்தைச் சுற்றி ஒரு வட்டமாக அடுக்குங்கள், அகலிலிருந்து ஒரு சாண் தள்ளி.

<b>விளக்கு</b>

குத்துவிளக்கு கோலத்தின் நடுப்புள்ளியில், ஆறு அகல் மூலைகளில். ஒவ்வொரு அகலுக்கும் அடியில் வாழை இலைத் துண்டு வைத்தால் எண்ணெய் கசிந்து கோலம் கெடாது. திரியை நல்லெண்ணெயில் முழுக்க ஊறவிட்டு, நுனியை மட்டும் வெளியே நீட்டி, அதில் துளி கற்பூரப் பொடி தொட்டுவையுங்கள். உடனே பிடித்துக்கொள்ளும்.

இந்த மாதம் வாடை வடக்கிலிருந்து வீசும். வடக்குப் பார்த்த வாசலென்றால் காற்று வரும் பக்கம் செங்கல்லை நிறுத்தி, அதன் மறைவில் அகலை வையுங்கள். பழைய வீடுகளில் கதவின் இருபுறமும் மாடம் விட்டுக் கட்டியிருப்பார்கள். அப்படியொரு மாடம் உங்கள் வீட்டில் இருந்தால் முதல் அகல் அங்கேதான் போக வேண்டும். காற்று அண்டாத இடம் அது.

மாலை 6 மணிக்கு அண்ணாமலை உச்சியில் தீபம் ஏற்றுவதை டிவியில் பார்த்துவிட்டுத்தான் நம் பக்கத்தில் பல வீடுகளில் அகல் ஏற்றுகிறார்கள். திருவண்ணாமலையும் 1989 வரை நம் வேலூரோடு சேர்ந்து வட ஆற்காடு மாவட்டமாகத்தானே இருந்தது! அதனால் ஐந்தரைக்குள் எண்ணெய் ஊற்றித் தயாராகிவிடுங்கள். ஏற்றும்போது நடுவிலிருந்து தொடங்கி வெளியே வாருங்கள். அப்போதுதான் எரிகிற சுடர்மேல் புடவை முந்தானையோ பட்டுப்பாவாடையோ படாது.

தெருவில் பிள்ளைகள் மாவளி சுற்றினால் பொறி பறந்து வரும். தோரணத்தில் காகிதமும் ஜரிகைத் தாளும் கலக்காதீர்கள், பச்சை இலையும் பூவும் மட்டும் இருக்கட்டும். மறுநாளும் விளக்கு வைப்பவர்கள் வாடின சம்பங்கியை மட்டும் மாற்றினால் சரி. சாமந்தி இரண்டு நாள் தாங்கும்.