பாட்டுக் காசு ஏன் திரும்பிப் போனது?

என் பாடல்களை இணையத்தில் கேட்பதால் வரும் ஸ்ட்ரீமிங் வருமானமும் ரீசேர்ட் விற்ற காசும் டொலரில் இரண்டு தடவை அனுப்பப்பட்டு, இரண்டு தடவையும் திருகோணமலைக்கு வராமலே திரும்பிப் போயின. முதலில், வெளிநாட்டுப் பணத்துக்கு வங்கியை அடையாளம் காட்டும் ஸ்விஃப்ட் குறியீட்டைச் சந்தேகித்து, 8 எழுத்துக்குப் பதில் 11 எழுத்தாகக் கொடுத்தேன். பலனில்லை. புதிதாக டொலர்க் கணக்குத் திறந்ததும் வீண். உவர்மலையிலிருந்து வங்கிக்கு நான்கு நாள் அலைச்சல்.

அப்புறம்தான் பாஸ்புக்கின் முதல் பக்கத்தை உற்றுப் பார்த்தேன். அங்கே என் பெயருக்கு முன்னால் இரண்டு முதலெழுத்துகள் மட்டும். நானோ காசு பெறுவதற்கான படிவத்தில், கடவுச்சீட்டில் உள்ளபடி அப்பாவின் பெயரையும் சேர்த்து முழுதாக எழுதியிருந்தேன். கூடவே நிரப்பிய அமெரிக்க வரிப் படிவத்துக்கு முழுப்பெயர் சரி; கணக்கு உரிமையாளர் பெட்டிக்குப் பாஸ்புக்கில் அச்சான பெயரே வேண்டும். அதை மட்டும் மாற்றினேன். மூன்றாம் தடவை காசு வந்தது, அதுவும் பழைய ரூபாய்க் கணக்குக்கே. அப்பாடா!