லக்னோவில் துணி எடுக்கப் போகிறவர்கள் செய்யும் தவறுகள்

குளிர்காலம் வந்தால் ஊரிலிருந்து யாராவது லக்னோவுக்கு வந்துவிடுகிறார்கள், கடைத்தெருவுக்குக் கூட்டிப்போவது நான்தான். வருகிறவர்கள் எல்லோரும் அதே சில இடங்களில்தான் சறுக்குகிறார்கள். பேரம் பேசு, பர்ஸைப் பார்த்துக்கொள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

மெஷின் துணியைக் கைவேலை விலைக்கு வாங்குவது

போன தடவை என் சித்தி மகள், நான் வருவதற்குள் ஆட்டோக்காரர் இறக்கிவிட்ட கடையில் கல்யாணத்துக்கென்று வீட்டுப் பெண்களுக்கெல்லாம் சிக்கன் (லக்னோவின் பூத்தையல் வேலை) குர்த்தா எடுத்துவிட்டாள். எல்லாம் கைவேலை, கிராமத்துப் பெண்கள் மாதக்கணக்கில் தைத்தது என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. அறைக்கு வந்து ஒன்றைப் புரட்டிப் பார்த்தேன். அத்தனையும் மெஷின். திருப்பி எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

முதலில் துணியின் பின்பக்கத்தைப் பாருங்கள். மெஷின் வேலை என்றால் அடிநூல் ஒரே சீராக ஓடியிருக்கும், ஒவ்வொரு பூவும் அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். கைவேலையில் முடிச்சுகள் தெரியும், ஒரு பூவுக்கும் அடுத்த பூவுக்கும் சின்ன வித்தியாசமாவது இருக்கும். அப்புறம் விரலால் தடவுங்கள். முர்ரி என்கிற தையல் அரிசிமணி அளவில் மேலே எழும்பி நிற்கும், ஃபந்தா அதைவிடச் சின்ன உருண்டை முடிச்சு. வலை மாதிரி தெரியும் ஜாலியை இழையை அறுக்காமல் ஊசியால் விலக்கி விலக்கித்தான் செய்வார்கள், ஓட்டை வெட்டியதுபோல இருந்தால் அது ஜாலியே இல்லை. தைப்பதற்கு முன் மரக்கட்டையால் நீலத்தில் டிசைன் அச்சடிப்பார்கள், துவைக்காத துணியில் அந்த நீலம் ஒட்டியிருக்கும், அதை அழுக்கென்று ஒதுக்காதீர்கள்.

மெஷின் துணி வாங்கவே கூடாது என்று சொல்லவில்லை, மெஷின் விலைக்கு வாங்குங்கள். 2008-இல் லக்னோ சிக்கனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது, ஆனாலும் ஒரு பீஸுக்கு இவ்வளவு என்று சொற்பக் கூலிக்குக் கண் நோகத் தைக்கும் பெண்களின் உழைப்பின் பெயரைச் சொல்லி மெஷின் சரக்கு விற்கிறார்கள். அதுதான் எரிச்சலாக இருக்கிறது.

வியாழக்கிழமை அமீனாபாத் போவது

லக்னோவின் அந்தக் கடைத்தெருவுக்கு அன்றுதான் வார விடுமுறை.

பனிமூட்டத்தில் அவசரப் பயணம்

டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதமாகும், விமானமும் அப்படித்தான். ஊர் திரும்பிய மறுநாளே வேலைக்குப் போகிற மாதிரி டிக்கெட் போடாதீர்கள். நவம்பரோ பிப்ரவரி கடைசியோ தோதாக இருக்கும். ஆனால் ஒன்று, பனிக்காலத்தில் வந்துவிட்டு ஓட்டலில் பத்து மணிவரை தூங்குவதும் தவறுதான். சௌக் என்கிற பழைய பகுதியில் கோல் தர்வாஜா பக்கம் விடியற்காலையில் மலாய் மக்கன் விற்பார்கள், இரவெல்லாம் பனியில் வைத்த பாலைக் கடைந்து எடுத்த நுரை, குங்குமப்பூ மணத்தோடு வாயில் வைத்ததும் கரைந்துவிடும். வெயில் ஏறினால் நுரை அடங்கிவிடும் என்பதால் சீக்கிரமே கடை கட்டிவிடுவார்கள்.

மே மாதத்தில் நடந்து சுற்றுவது

வேண்டாம். லூ என்கிற அனல்காற்று ஆளைச் சாய்த்துவிடும்.

மாம்பழத்துக்கு முந்திக்கொள்வது

லக்னோ பக்கத்திலுள்ள மலிஹாபாத்தின் தசேரி மாம்பழம் நன்றாக இருப்பது ஜூனில்தான். ஏப்ரலிலேயே தசேரி என்று யாராவது கூவினால் நிற்காமல் போய்விடுங்கள்.