மைட்டோசோம் வெறும் மிச்சசொச்சம் அல்ல

சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் உயிரியல் படிக்கும் நம் பிள்ளைகள் ஒட்டுண்ணி அமீபா பற்றி எழுதும்போது முதலில் சறுக்கும் இடம் இது: சீதபேதியை உண்டாக்கும் எண்டமீபா ஹிஸ்டோலிடிகாவுக்கு, செல்லுக்கு ஆற்றல் தயாரிக்கும் நுண்ணுறுப்பான மைட்டோகாண்ட்ரியாவே கிடையாது, அது ஆதிகாலத்து உயிர் என்று முடித்துவிடுவார்கள். முன்பு ஆய்வாளர்களிலேயே பலர் அப்படித்தான் நினைத்தார்கள். 1999இல் இதற்குள் மைட்டோசோம் என்ற சிறு நுண்ணுறுப்பு அடையாளம் காணப்பட்டதும் அந்தக் கதை மாறியது. இந்த அமீபாவின் மூதாதைக்கு மைட்டோகாண்ட்ரியா இருந்தது; அது சுருங்கித்தான் இந்த நுண்ணுறுப்பு ஆனது.

சரி, மைட்டோகாண்ட்ரியாவின் வாரிசு என்றால், செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏடிபியைத் தயாரிக்கும்தானே? இதுதான் அடுத்த தவறு. தயாரிக்காது. ஆக்சிஜன் குறைந்த குடலில் வாழும் இந்த அமீபா, செல்லின் உட்கூழான சைட்டோபிளாசத்தில் குளுக்கோஸை உடைத்தே ஆற்றல் பெறுகிறது. மைட்டோசோம் ஏடிபியை வெளியிலிருந்து வாங்கிச் செலவழிக்கும் இடம். அங்கே சல்பேட் செயலூக்கம் பெறுகிறது, அதாவது வேதிவினைக்குத் தயாராகிறது. அப்புறம் சைட்டோபிளாசத்தில் அந்தச் சல்பேட் கொழுப்புகளின் மீது ஏற்றப்படுகிறது. அப்படி உருவாகும் ஒன்றுதான் கொலஸ்டெரில் சல்பேட். இதற்கான கொலஸ்ட்ராலை அமீபா தானாகச் செய்வதில்லை, நம் உடலிலிருந்து எடுத்துக்கொள்கிறது! கொலஸ்டெரில் சல்பேட் குறைந்தால் அமீபா சிஸ்டாக, அதாவது கெட்டியான சுவருக்குள் உறங்கும் நிலைக்கு, மாறத் திணறும். கைட்டின் என்ற உறுதியான பொருளாலான சுவரும் நான்கு உட்கருக்களும் கொண்ட அந்தச் சிஸ்ட்தான் மலத்தோடு வெளியேறி, அசுத்தமான தண்ணீர் வழியாகவும் உணவு வழியாகவும் அடுத்தவர் வயிற்றுக்குள் போகிறது.

அதனால்தான் நுண்ணுறுப்புக்கு ஒரு பத்தி, கொழுப்புக்கு ஒரு பத்தி என்று பிரித்து எழுதுவதை நான் ஏற்பதில்லை. நோய் பரவும் வழியே இரண்டும் சேரும் இடத்தில் இருக்கிறது. கொழுப்பு என்றாலே சேமிப்பு, சவ்வு என்று இரண்டு வார்த்தையில் தாண்டிப் போவதும் இதே தவறுதான்.

இன்னொன்று, எல்லா அமீபாவையும் ஒரே கணக்கில் சேர்ப்பது. கண்ணின் கருவிழியைத் தாக்கும் அக்காந்தமீபாவுக்கு முழுமையான மைட்டோகாண்ட்ரியா உண்டு. தன் சவ்வுக்கு வேண்டிய எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பை அது தானே செய்துகொள்ளும். சிஸ்ட் சுவரில் கைட்டின் அல்ல, செல்லுலோஸ்.

கிட்டப்பார்வை இவ்வளவு பரவலாக இருக்கும் சிங்கப்பூரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், ஆனால் அதில் காண்டாக்ட் லென்ஸைக் கழுவக்கூடாது. அக்காந்தமீபா குழாய்த் தண்ணீரிலும் இருக்கக்கூடும். அதன் சிஸ்ட் குளோரினைத் தாங்கி நிற்கும். லென்ஸோடு குளிப்பதும் நீச்சல் குளத்தில் இறங்குவதும் வேண்டாம். பெட்டியில் பழைய கரைசல் மீதியிருந்தால் அதன் மேலேயே ஊற்றாமல், கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புங்கள்.