காசில்டன் கோபுரம்: கோடையில் ஏறுவது எப்படி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மோவாப் ஊருக்குக் கிழக்கே உள்ள காசில் பள்ளத்தாக்கில் நிற்கிறது காசில்டன் கோபுரம். ஏறத்தாழ 120 மீட்டர் செங்குத்தான, வின்கேட் எனப்படும் மணற்கல். 1961இல் லேட்டன் கோரும் ஹன்ட்லி இங்கால்சும் முதலில் ஏறிய வழி தெற்கு முகத்தில் இருக்கிறது. புகழ்பெற்ற வழிதான். ஆனால் ஜூலையில் மோவாப்பில் பகல் வெயில் 38 டிகிரியைத் தொடும். வெயில் நேராக விழும் தெற்கு முகத்தை அக்டோபருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கோடைக்கு ஏற்றது வடக்கு முகத்துப் புகைபோக்கி வழி, அதாவது ஆள் உள்ளே நுழைந்து ஏறும் அகன்ற பிளவு. உச்சிவெயிலிலும் அங்கே நிழல் இருக்கும்.

விடிகாலை 4 மணிக்கே நடக்கத் தொடங்குங்கள். அடிவாரத்துச் சரளைச் சரிவில் சுமார் 400 மீட்டர் உயரம் ஏற ஒன்றரை மணி நேரம் பிடிக்கும். பாதையை விட்டு விலகாதீர்கள். கறுத்துப் பொருக்குத் தட்டிய மண்ணில் உயிர் இருக்கிறது, ஒரு மிதியில் சிதைந்தால் மீள ஆண்டுகள் ஆகும். 10 மணிக்குள் உச்சி, நண்பகலுக்குள் தரை. இந்தக் கணக்கு பிசகினால் பாதியிலேயே இறங்கிவிடுங்கள்.

ஆளுக்கு 5 லிட்டர் தண்ணீர் வேண்டும். நடையில் 1, சுவரில் 2, மீதி 2 பாறையடியில் நிழலில். பாதி தண்ணீரில் ஓஆர்எஸ் கலந்துகொள்ளுங்கள், லிட்டருக்கு ஒரு பொட்டலம். வெறும் தண்ணீரையே மடமடவென்று குடித்தால் இரத்தத்தில் உப்பு நீர்த்து, தலைவலியும் குமட்டலும் வரும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் குடிப்பதுதான் ஆபத்து.

பலரும் ஏறுபவரைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். கீழே கயிறு பிடிப்பவர்தான் அசையாமல் ஒரே இடத்தில் வெந்துபோகிறார். அவருக்கு முழுக்கை வெளிர்ச்சட்டை, ஹெல்மெட்டுக்கு அடியில் கழுத்தை மறைக்கும் துணி, கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்ப் பையின் உறிஞ்சுகுழாய் கட்டாயம். பேச்சு குழறினாலோ, தெரிந்த முடிச்சில் தடுமாறினாலோ அது வெப்பத்தாக்கு. வியர்வை நிற்கும் வரை காத்திருக்காதீர்கள். உழைப்பில் வரும் வெப்பத்தாக்கில் வியர்த்துக்கொண்டேதான் இருக்கும். உடனே நிழலில் கிடத்தி, உடலெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 911ஐ அழையுங்கள்.

சூட்டில் ஷூ ரப்பர் இளகிப் பிடி நழுவும், பாதமும் வீங்கும். இறுக்கமான ஷூ வேண்டாம். விரிசல்களில் வெள்ளையாகப் படிந்திருக்கும் கால்சைட் என்ற தாது வழுக்கும். அதில் வைக்கும் கேமை (விழுந்தால் தாங்க விரிசலில் செருகும் கருவி) நம்புவதற்கு முன் இழுத்துப் பாருங்கள். இறங்க 60 மீட்டர் கயிறு இரண்டு போதும். வேகமாக இறங்கினால் இறங்குகருவி கையைச் சுடும், மெதுவாக இறங்குங்கள்.

ஜூலை, ஆகஸ்டில் பிற்பகல் இடிமழை வரும். நனைந்த மணற்கல் வலுவிழந்து, பிடித்த கல் கையோடு வந்துவிடும். மேற்பரப்பு காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அடிவார மண்ணை ஒரு விரல் ஆழம் தோண்டிப் பாருங்கள். ஈரமாக இருந்தால் ஏறாதீர்கள். பெருமழை என்றால் இரண்டு மூன்று நாள் பொறுங்கள்.