கால்நடை மருத்துவரிடம் வருவதற்கு முன் நடக்கும் தவறுகள்

“ரெண்டு நாளா மலச்சிக்கல் டாக்டர், மண் தட்டுல உட்கார்ந்து முக்கிக்கிட்டே இருக்கு” என்று யாராவது பூனையோடு வந்தால், நான் முதலில் கேட்பது கடுவனா, பெட்டையா என்றுதான். கடுவன் என்றால், காத்திருப்பவர்களிடம் பொறுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அதை முதலில் மேசையில் ஏற்றிவிடுவேன்.

அடைத்திருப்பது மலமா, சிறுநீரா என்பது வயிற்றை மெதுவாகத் தொட்டாலே தெரியும். சிறுநீர் என்றால், சிறுநீர்ப்பை பந்து போல இறுகிக் கிடக்கும், கை பட்டதும் பூனை உறுமும். கடுவனின் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. மணல் போன்ற படிகங்களும் சளியும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், சிறுநீரில் வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறி, கடைசியில் இதயத்தையே நிறுத்திவிடும். இதற்கு ஓரிரு நாளே போதும். அந்த நாட்களில்தான் பலரும் வீட்டில் மலமிளக்கி கொடுத்துப் பார்க்கிறார்கள். தட்டில் அடிக்கடி ஏறி இறங்குகிறது, மண்ணில் ஈரமே இல்லை என்றால் நள்ளிரவானாலும் கிளம்பிவிடுங்கள்.

என்னை அதிகம் வருத்துவது வீட்டு மருந்துப் பெட்டிதான். காய்ச்சல் போல இருக்கிறதே என்று பாசத்தோடு பாரசிட்டமால் கொடுத்துவிடுகிறார்கள். அதைப் பக்குவமாக உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போகிறது. ஈறு பழுப்பாகிறது, முகமும் பாதமும் வீங்குகின்றன. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொன்றுவிடும். “பாதிதான் கொடுத்தேன்” என்பதும் ஆறுதல் இல்லை. நாய்களுக்கு ஐபுபுரூபன் என்ற வலி மாத்திரை கொடுத்தால் வயிற்றில் புண்ணும் சிறுநீரகப் பாதிப்பும் வரும். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் சொட்டு மருந்தை மிச்சம் இருக்கிறதே என்று பூனைக்கும் விடுவது இன்னொரு தவறு. அதில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருந்தால் பூனைக்கு நடுக்கமும் வலிப்பும் வந்துவிடும்.

சரி, கொடுத்தாயிற்று என்றால்? அதை மறைக்காதீர்கள். “வேற எதுவும் கொடுக்கலை” என்று முதலில் சொல்லிவிட்டு, அரை மணி நேரம் கழித்துத் தயங்கித் தயங்கி மாத்திரை அட்டையை எடுத்து நீட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த அரை மணி நேரம் எங்களுக்குப் பெரிது. திட்டுவதற்காகக் கேட்கவில்லை, விஷமுறிவு மருந்தை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. அட்டையோ காலி டப்பாவோ, எதுவானாலும் கையோடு கொண்டுவாருங்கள். உப்புத் தண்ணீர் ஊற்றி வாந்தி எடுக்க வைக்கவே வேண்டாம். அந்த உப்பே விஷமாகலாம். குடித்தது அமிலமாக இருந்தால், வெளியே வரும்போது தொண்டையை இன்னொரு முறை சுட்டுவிட்டுத்தான் வரும்.

மூக்கு ஈரமாக இருந்தால் நலம், காய்ந்திருந்தால் காய்ச்சல் என்ற கணக்கையும் விட்டுவிடலாம். நன்றாகத் தூங்கி எழுந்த நாயின் மூக்கும் காய்ந்துதான் இருக்கும். நாய், பூனையின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம் உடம்பைவிடக் கூடுதல் என்பதால், தொட்டால் சூடாகத்தான் தெரியும். வீட்டில் ஒன்று கவனிக்கலாம்: தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒன்று என்று வைத்து, ஒரு நிமிடம் எண்ணுங்கள். தொடர்ந்து 30-ஐத் தாண்டினால் காட்ட வேண்டும். பூனை ஒரு முழு நாள் சாப்பிடாவிட்டாலே அழைத்துவாருங்கள். குறிப்பாகக் குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தால் கொழுப்பு கல்லீரலில் போய்ச் சேரும். முயல் அரை நாள் சாப்பிடாவிட்டாலே அவசரம்தான்.

குட்டி நாய் விஷயத்தில், ஒரு தடுப்பூசி போட்டதும் தெருவில் இறக்கி விடுகிறார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி உடம்பில் இருக்கும் வரை தடுப்பூசியைச் சரியாக வேலை செய்ய விடாது. அது எந்த வாரம் குறையும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் 6-8 வாரத்தில் தொடங்கி, சில வார இடைவெளியில், 16 வாரம் வரையாவது திரும்பத் திரும்பப் போடுகிறோம். குட்டிகளுக்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வரிசை முடியும் வரை குட்டியைத் தூக்கிக்கொண்டே சுற்றிக் காட்டுங்கள்.

பூனைக் கூடையை ஆஸ்பத்திரிக்குப் போகும் நாளில் மட்டும் வெளியே எடுத்தால், அதைப் பார்த்ததுமே பூனை கட்டிலுக்கு அடியில் போய்விடும். எப்போதும் கதவைத் திறந்து வைத்து, உள்ளே பழைய துண்டைப் போட்டுவிடுங்கள். தானே போய்த் தூங்கப் பழகிவிடும். காத்திருக்கும் அறையில் கூடையைத் தரையில் வைக்காமல் நாற்காலியில் வைத்து, மேலே துணி போடுங்கள்.

அப்புறம், தையல் போட்ட பிறகு, அதை நக்கிக் கடிக்காமல் இருக்கக் கழுத்தில் மாட்டி அனுப்பும் கூம்பு. முதல் நாள் கதவிலும் சுவரிலும் இடித்துக்கொண்டு, வாசலில் தலை குனிந்து நிற்கும்போது பார்க்கவே கஷ்டமாக இருக்கும். பாவமாக இருக்கிறதே என்று ராத்திரி கழற்றிவிடுகிறார்கள். காலையில் தையல் பிரிந்து, திரும்ப மயக்க மருந்து, திரும்பத் தையல். சாப்பிடும் நேரத்தில் மட்டும் கழற்றுங்கள், அதுவும் நீங்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால். கிண்ணம் காலியானதும் திரும்ப மாட்டிவிடுங்கள்.